இடது காலுக்கு வேலையில்லை

முப்பத்துநாலு வருஷம்
கப்பலின் இன்ஜின் அறையில் நின்றவன் நான்.
மெல்லிய சத்தங்கள் காதில் செத்துப்போயின:
அணில், குக்கர் விசில்,
மகள் ஸ்டெஃபியின் பெயரில் முதல் எழுத்து.
மிச்சத்தை உள்ளங்கையால் கேட்கிறேன்.

ராட்டர்டாம் துறைமுகத்தில், இருபத்துநாலு வயதில்,
அப்படி ஒன்றைப் பார்த்தேன். காசில்லை.
பிறகு காசு வந்தது, ஊரில் ரோடு கிடையாது.
இப்போது நாலுவழிச்சாலை
முக்கால்வாசி வந்துவிட்டது.

குலசேகரத்தில் ஒரு ரப்பர் ஷீட் குடோனுக்குள்
டார்ப்பாய் மூடிக் கிடந்தது பழசு.
எழுபத்திரண்டில் செய்தது, இரண்டு பேருக்குத்தான் இடம்.
கொல்லாம்பழச் சிவப்பு, துணிக்கூரை,
புகைபோட்ட ஷீட்டின் வாடை சீட்டிலும்.
சாவியைத் திருகியதும் கியர் கம்பி
என் கையில் பேசத் தொடங்கியது:
மூணாவது சிலிண்டர் சரியில்லை,
பெல்ட் தளர்ந்திருக்கிறது,
பின் ஆக்சிலில் சின்ன முனகல்.
ஒன்றையும் மறைக்கவில்லை.

ஆடி மாசம். ஆரல்வாய்மொழி வரை கொண்டுபோனேன்.
காற்றாலைகள் தொடங்கும் இடத்தில்
மலையிடுக்கு வழியாக வந்த காற்று
விலாவில் ஒரு தள்ளு தள்ளியது.
வண்டி ஒரு முழம் விலகியது. நான் பிடித்தேன்.
மறுபடி தள்ளியது. மறுபடி பிடித்தேன்.
எதிரே வந்த திருநெல்வேலி பஸ் டிரைவர்
வாயசைத்து என்னவோ சொன்னார்.
நல்லவேளை, கேட்கவில்லை.

திரும்பும்போது, குலசேகரத்துக்கு முந்தின ஏற்றத்தில்,
கைதச்சக்கை ஏற்றிய டெம்போ முன்னால் நின்றுவிட்டது.
கிளட்சை மிதித்தபடி நானும் நின்றேன்,
நாலு நிமிஷம் இருக்கும்.
இடது முட்டில் தொடங்கிய நடுக்கம்
இடுப்பு வரை ஏறியது.
கால் என்னைக் கேட்காமல் எழுந்துகொண்டது.
வண்டி குதித்தது, அணைந்தது, பின்னால் உருண்டது
ஒன்றரை அடி.
பின்னால் ஸ்கூட்டியில் ஒரு பெண்,
அவள் கைகளுக்கு நடுவில் நிற்கிற பிள்ளை.
"பாத்து மாமா" என்றாள்.
அவ்வளவுதான் சொன்னாள்.

புதுசை அபினேஷ் நாகர்கோவிலுக்கே கொண்டுவந்தான்.
வடசேரியில் ஒவ்வொரு வேகத்தடைக்கும்
அது தன் மூக்கைத் தானே தூக்கிக்கொண்டது,
சேற்றைத் தாண்டுகிறவர் வேட்டியைத் தூக்குவதுபோல.
நானூறு குதிரை.
தோவாளை வரைக்கும், பிச்சிப்பூ மூட்டை ஏற்றிய
ஆட்டோவுக்குப் பின்னால்,
இருபத்திரண்டு கிலோமீட்டர் வேகத்தில்.

ஆரல்வாய்மொழி. அதே காற்று.
தள்ளியது. நான் பிடிக்குமுன்
வண்டி பிடித்துவிட்டது.
ஸ்டியரிங் என் கைக்குள் ஒரு நூல் அசைந்தது,
என் பாங்க் கணக்கில் கூட்டல் தப்பை
பிள்ளைகள் சொல்லாமல் திருத்தி வைப்பதுபோல.
உறுமல் கேட்டது. டாஷ்போர்டில் கைவைத்தேன்.
கைக்கு ஒன்றும் வரவில்லை.
"சத்தம் பாதி ஸ்பீக்கர்லதான் சார்,
வேணும்னா கூட்டிக்கலாம்" என்றான் அபினேஷ்.

இரண்டிலிருந்தும் நான் இறங்கிய விதம் ஒன்றுதான்:
முதலில் ஒரு கை தரையில், அப்புறம் ஒரு முட்டு,
அப்புறம் கொஞ்ச நேரம்
செருப்பைத் தேடுவதுபோல் நடிப்பு.

எமல்டா இரண்டிலும் உட்கார்ந்து பார்த்தாள்.
"பழசுல நீங்க ரோட்டப் பாப்பிய,
நான் ஒங்களையே பாத்துட்டு வரணும்.
புதுசுன்னா நான் கொளம் பாப்பேன், மலை பாப்பேன்."

திங்கட்கிழமை புதுசுக்கு அட்வான்ஸ் கட்டினேன்.
பழசைக் கருங்கல் அஜின் எடுத்துப்போனான்.
இருபத்தாறு வயது. நல்ல முட்டு, இரண்டும்.
"மூணாவது சிலிண்டர்..." என்று தொடங்கினேன்.
"தெரியும் சார், கையில வருது" என்றான்.

மறுநாள் காலையில் எமல்டா கேட்டாள்:
"ராத்திரி முழுக்க எடது காலால
கட்டில் சட்டத்தச் சவுட்டிட்டே கெடந்திய.
எறக்கத்துல போயிட்டு இருந்தியளா?"

"இல்ல, ஏத்தம்" என்றேன்.
"முன்னால ஒரு டெம்போ."