அரை மாத்திரை

மஞ்சக்குப்பம், மாடி அறை.
சுவரெங்கும் பஞ்சு அடித்த பெட்டிக்குள்
அக்கரைக்கோரி தாண்டவராயன் உட்கார்ந்திருக்கிறார்.
வலக்காதில் சிவப்பு, இடக்காதில் நீலம்,
கையில் ஒரு பொத்தான்.
"சத்தம் கேட்டா அமுக்குங்க.
கேக்கலன்னா சும்மா இருங்க."

கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து
ஒவ்வொரு சுருதியாகக் கதவு தட்டுகிறேன்.
ஐந்நூறு: திறக்கிறார்.
ஆயிரம்: கொஞ்சம் பொறுத்து.
நாலாயிரத்தில் வீடு பூட்டியிருக்கிறது.

இருபத்தாறு வருஷம் விசைப்படகில் டிரைவர்.
எஞ்சினை ஒட்டிய பலகையில் தூக்கம்.
"கடல்ல இருந்த வரைக்கும்
கடல் சத்தமே கேட்டதில்ல" என்றார் வரும்போதே.
வீட்டில் பேசுவது காதில் விழுகிறது, புரியவில்லையாம்.
பாசியா, பாத்தியா, பாக்கியா?
ஆ வருகிறது, இ வருகிறது.
நடுவில் இருந்ததைக் காணோம்.
உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை.

மெய்க்கு அரை மாத்திரை என்று படித்தோம்,
கண் இமைக்கும் நேரத்தில் பாதி.
அந்தப் பாதிக்குள்தான்
பச்சைவாழி அவரிடம்
யாருக்கு எவ்வளவு பாக்கி என்று சொல்கிறாள்.

ராத்திரியில் எனக்கு வேறு வேலை.
புதுச்சேரியில் அமலோர் ஸ்டுடியோவுக்கு
ஒலிப்பதிவுகளைத் துடைத்துக் கொடுப்பேன்.
அங்கே ஒரு நொடி
நாற்பத்து நாலாயிரத்து நூறு துண்டு.
மாத்திரை அளந்தவர்கள் பார்த்திருந்தால்
இமைக்க மறந்திருப்பார்கள்.
மனிதக் காது இருபதாயிரத்தோடு நின்றுவிடும்;
ஓர் அலையைப் பிடிக்க
ஏற்றத்தில் ஒன்று, இறக்கத்தில் ஒன்று,
இரண்டு புள்ளிக்குக் குறையக் கூடாது.
மிச்சம், வடிகட்டிக்கு விட்ட சந்து.

அமலோருக்கு இது போதாது.
நூற்றுத் தொண்ணூற்றிரண்டாயிரம் வேண்டும்.
"காத்து மாதிரி விரியுது மேடம்" என்பார்,
ஐம்பத்து மூன்று வயதில்.
ஒருநாள் இதே பெட்டியில் உட்கார வைத்தேன்.
பதினோராயிரத்தில் பூட்டு.
அவரிடம் சொல்லவில்லை.
எனக்குப் பதின்மூன்று. அதையும் சொல்லவில்லை.
அதற்கு மேல் மாடிகளில்
தேவனாம்பட்டினத்து நாய்களும்
துறைமுகக் கிடங்கு வௌவால்களும் குடியிருக்க
ஹார்டு டிஸ்க்கில் வாடகை கட்டுவது நாங்கள்.

அந்த வௌவால் ஒன்றைப் பிடித்தேன்,
தொண்ணூற்றாறாயிரம் துண்டில்.
முப்பத்தைந்தாயிரத்தில் கத்தியது; எனக்கு வெறும் இருட்டு.
விளையாட்டாய்
ஒன்றுவிட்டு ஒரு துண்டைக் கிள்ளி எறிந்தேன்,
வடிகட்டி போடாமல்.
மடிந்து விழுந்தது பதின்மூன்றாயிரத்தில்,
என் செவியின் கடைசிப் படியில்,
ஊசி முனைபோல், இருந்தும் இல்லாமலும்.
ரயில் சக்கரம் செல்போன் படத்தில்
பின்னால் சுழலுமே, அப்படி.
எண்ணிக்கைக்கு அகப்படாத வேகம்
பொய்ப்பெயரோடு கீழே இறங்கி வரும்.

பெட்டிக்குள் தாண்டவராயன்.
ஒலியை அணைத்துவிட்டுத் தாளில் குறி போடுகிறேன்.
விளக்கு எரிகிறது.
அமுக்குகிறார்.
நான் எதுவும் அனுப்பவில்லை.
மறுபடியும் அமுக்குகிறார்.

கதவைத் திறந்தேன்.
"கேக்குதே" என்றார்.
"ஊய்னு. படகு வித்து ரெண்டு வருஷமாச்சு, இது நிக்கல."
எந்த உயரம் என்று தேடினோம்,
சத்தத்தைக் கூட்டிக் கூட்டி.
மூவாயிரம்: தலையாட்டல்.
ஆறாயிரம்: உதடு பிதுக்கல்.
நாலாயிரத்தில் கை தூக்கினார்.
பூட்டிய வீட்டுக்குள்ளிருந்துதான் வருகிறது.

தாளில் இரண்டே கட்டம்,
கேட்டது, கேட்கவில்லை.
பேனாவை மூடி வைத்தேன்.

"இத ரெக்கார்டு பண்ணித் தர முடியுமாம்மா?
வீட்ல நம்ப மாட்டேங்கறா."
எந்த மைக்கை எங்கே வைப்பது?
நாலாயிரத்தில் ஒரு சுருதி செய்தேன்,
அரை நிமிஷம்,
நொடிக்கு நாற்பத்து நாலாயிரத்து நூறு துண்டு,
ஒன்றுகூடக் குறையாமல்.
அவர் செல்போனுக்கு அனுப்பினேன்.
காதோடு வைத்துப் பார்த்தார்.
"ஒண்ணுமே வரலியே."
"அவங்ககிட்ட போட்டுக் காட்டுங்க."

இரவு ஒன்பதரைக்குப் பச்சைவாழி கூப்பிட்டாள்.
பின்னால் தொலைக்காட்சி, பாத்திரம் விழும் ஓசை.
"பாதிதாங்க கேட்டேன்" என்றாள்.
"மிச்சத்த கேக்க முடியல."