பத்தொன்பதாவது தலை

பல் டாக்டர் வைத்திலிங்கம் விட்டுப்போன பிஸ்கட் டின்னில்
முப்பத்திரண்டு சிப்பாய்கள்.
"வாய்க்குள் இருக்க வேண்டிய கணக்கு" என்று
அவரே சொல்லி அவரே சிரித்தார்.
ஆளுக்கு என் சுண்டுவிரலில் பாதி உயரம்.
தலைக்கவசம் ஒரு துவரம்பருப்பு.
"அசலாக இருக்கணும், மதாம்.
மற்றதெல்லாம் சுமாராக இருந்தாலும் போதும்,
தலை அசலாக இருக்கணும்."

ராணுவமே இல்லாத தீவில்
என் சாப்பாட்டு மேசையில் மட்டும் ஒரு படை.

பதினேழு வருஷம் கொரொமாண்டலில் துணி பார்த்தவள் நான்.
அது சோழமண்டலம் என்கிற பேர்தான் என்று
ஆலை வேனில் ஒருநாள் சொன்னேன்.
"அங்கேயும் சம்பளம் லேட்டா?" என்றாள் மாரி-நோயெல்.

அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசை.
மேலே ஓடும் துணி.
குறை கண்டால் சிவப்பு ஸ்டிக்கர்.
பூத்துணியில் குறை தானே வந்து நிற்கும்,
வெள்ளையில் கேட்கவே வேண்டாம்.
படைத்துணி அப்படியில்லை.
பச்சை, செம்மண், காய்ந்த புல், கருப்பு,
அதில் அழுக்கும் ஒரு வடிவம்.
கண்ணை ஏமாற்ற அச்சடித்தது,
கூலிக்குப் பார்க்கிற கண்ணையும் சேர்த்து.

அதனால் எனக்குத் தெரியும்.
ஒரே ரோலில் வெட்டினாலும்
இரண்டு உறை ஒன்றுபோல் வராது.
கத்தரி விழுந்த இடம் வேறு வேறு.
தையலில் இரு துண்டு சேரும்போது
இலை பாதியில் அறுந்து
அந்தப் பக்கம் செம்மண்ணில் போய் முட்டும்.
பொருத்திப் பார்த்துத் தைக்க
அது என்ன கல்யாணச் சட்டையா?

ஆகவே ஒவ்வொரு பருப்பிலும்
முதலில் ஒரு தையல் கோடு.
பிறகு காய்ந்த புல், அதன்மேல் பச்சை.
பெரிதாக வைத்தால் பசுமாடு.
பொடியாக வைத்தால்
கை நீட்டிப் பார்க்கையில் வெறும் சாம்பல்.
ஆலைப் பச்சையை அப்படியே எடுத்தால் இருண்டுவிடுகிறது.
இத்தனை சின்னத் தலைக்கு வெயில் போதாது,
ஒரு சொட்டு வெண்ணெய் நிறம் கலந்துதான் ஏமாற்றணும்.
கருப்பு கடைசியில்,
மூன்று மயிர்த் தூரிகையில்,
மூச்சை நிறுத்திக்கொண்டு.

வானொலியில் இரண்டாம் வகுப்புப் புயல் எச்சரிக்கை.
தயானந்தென் ஜன்னல்களுக்குப் பலகை அடிக்கிறார்.
ஈரக்காற்றில் பச்சை காயவே இல்லை.
சுத்தியல் சத்தத்துக்குப் பதினொன்றாவது ஆள் உருண்டு
மொசைக் தரையில் காணாமல் போனான்.
என் குதிகால்தான் கண்டுபிடித்தது.
வேலை சரியாக வந்திருக்கிறது என்று
நொண்டிக்கொண்டே நினைத்தேன்.

ஒரு ஜூலை மாதம், இரவு ஷிப்ட்.
உருளையிலிருந்து எண்ணெய் சொட்டி
மூன்று மீட்டருக்கு ஒன்று, கட்டைவிரல் அகலத்தில்.
பார்த்தேன்.
ஸ்டிக்கர் என் விரல் நுனியில் ஒட்டியிருந்தது.
சங்கு ஊதப் பதினைந்து நிமிஷம்,
காலையில் கப்பல்.
கறை பக்கத்துக் கருப்போடு சேர்ந்து
தானும் ஒரு தீவாகிவிட்டது.
ஓட விட்டேன்.
வாங்கியவன் ஒரு வரி எழுதவில்லை.
ஆலை மூடியது வேறு காரணத்துக்கு.

எந்த ஊரிலோ ஒரு தலைமேல் அது இருக்கும்.
நெற்றிக்கு நேர் மேலே என்றுதான் தோன்றும்.
ஏன் அங்கே, தெரியாது.

எல்லாம் காய்ந்த பிறகு பத்தொன்பதாவதை எடுத்தேன்.
எண்ணெய் தனி நிறமல்ல,
துணி கொஞ்சம் தாகம் தீர்ந்த இடம், அவ்வளவுதான்.
தண்ணீராய்க் கரைத்த பழுப்பை
நெற்றிக்கு மேலே தொட்டு வைத்தேன்.
பச்சையும் செம்மண்ணும் அடியில் தெரிந்தன.

புயல் வடக்கே விலகிய சனிக்கிழமை டாக்டர் வந்தார்.
பல் பார்க்கிற கண்ணாடியை மாட்டி
தலை தலையாகத் திருப்பினார்.
பத்தொன்பதில் நின்றார்.
"இங்கே தூரிகை தவறிவிட்டதோ?"
"ஆமாம்" என்றேன்.
"பரவாயில்லை மதாம், இவனைப் பின்வரிசையில் நிறுத்திக்கொள்கிறேன்."

பின்வரிசை நல்லதுதான் என்றேன்.
ரொம்பப் பின்னால் என்றாலும் சரி.