அடிக்கோடு

பள்ளியில் சொன்னார்கள்:
முக்கியமானதை அடிக்கோடிடு, கண்ணில் படட்டும்.
டார்ட்டில் நேர்மாறு.
பெயருக்கு முன்னால் ஒரு குட்டிக் கோடு போட்டால்
வெளியாள் கண்ணில் அது படாது.
_மீதி.
தரையோடு படுத்த கோடு.
பூட்டு இல்லை, சாவி இல்லை.

பங்சார் சவுத், பதினான்காம் மாடி, இரவு எட்டரை.
செந்தூல் பசாரில் மீன் விற்கும் ஒருவரின் பணப்பையில்
மைனஸ் நாற்பது ரிங்கிட்.
இருக்கவே முடியாத எண்.
போடும் வழியில் நானே காவல் வைத்திருக்கிறேன்:
பூஜ்யத்துக்குக் கீழே என்றால் திருப்பி அனுப்பு.
எடுக்கும் வழியில் பார்க்கலாம், தொட முடியாது.
பிறகு யார்?

ஹஃபிசுல் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான்,
கையில் ஆறிப்போன தே ஓ.
"கீழே போ. இன்னும் கீழே."
இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி.
குகனேசன் போன மாதம் எழுதிய கூப்பன் வகுப்பு
என் பணப்பைக்கு அடியிலேயே குடியிருந்தது,
அதே கோப்பில்.
நேரே _மீதிக்குள் கை விட்டிருக்கிறது.
திருட்டு இல்லை.
இந்த மொழியில் சுவர் வகுப்புக்கு இல்லை,
கோப்புக்குத்தான்.
உள்ளே இருப்பவர்கள் எல்லாம் ஒரே வீடு.

பணப்பையைத் தூக்கித் தனிக் கோப்பில் வைத்தேன்.
உடனே பழைய கோப்பு முழுக்கச் சிவப்பு நெளிகோடுகள்.
எண்ணினேன், முப்பத்தொன்று.
முப்பத்தோரு இடத்தில்
கேட்காமல் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்,
ஒரு சத்தமும் வராமல்.
ஒவ்வொன்றையும் கேட்க வைத்து முடிக்க
மணி பதினொன்று.

கெரிஞ்சி ஸ்டேஷனில் ரயிலுக்கு நான்கு நிமிடம்.
எதிர்ப் பிளாட்ஃபாரத்தில் யாரோ ஈரக் குடையை உதறுகிறார்.
இன்று சம்பளம் ஏறிய நாள்.
என் பேங்க் கார்டு அண்ணன் சட்டைப் பையில்.
ரகசிய எண், நான் பிறந்த வருடம்.
"நம்ம வீட்டுக்குள்ள என்ன இருக்கு" என்பான் செல்வரூபன்.
நல்லவன்தான்.
மாதக் கடைசியில் மட்டும் நான் மைனஸ்.

கைப்பேசியில் பேங்க் செயலியைத் திறந்தேன்.
கார்டை முடக்கு.
உறுதியா? என்று கேட்டது.
ஆறு வருடத்தில்
என்னிடம் கேட்ட முதல் ஆள்.

பசார் செனி தாண்டும்போது செய்தி வந்தது.
"பெட்ரோல் ஸ்டேஷன்ல நிக்கிறேன். கார்டு ஓடல.
மெஷின் ரிப்பேரா?"

எழுதினேன், அழித்தேன். கம்போங் பாரு வரை எடுத்தது.
"மெஷின் நல்லாத்தான் இருக்குண்ணே.
எவ்வளவு வேணும்?"