இரண்டு தடவை வழித்த தெரு

டுலூத்தில் பனி கொட்டினால்
மூன்று மணிக்கே என் கைபேசி அலறும்.
பதினோராம் எண் வண்டி.
முன்னால் பன்னிரண்டு அடி இரும்பு அலகு,
பின்னால் உப்பும் மணலும்,
நடுவில் நான்.

அந்த இரவு ஹாக்கி அலசல் அலுத்துப்போய்
ரேடியோவைத் திருகினேன்.
கல்லூரிப் பிள்ளைகள் நடத்தும் நிலையம்.
இந்நேரம் எவன் கேட்கப்போகிறான் என்று
அறிவிப்பாளன் சிப்ஸ் கொறித்துக்கொண்டே பேசினான்.
பிறகு வந்தது அது.

முதலில் என் அலகுதான் என்று நினைத்தேன்.
தாரில் உரசும்போது இரும்பு எழுப்புமே,
அதே முனகல், அதே சுருதி.
அலகைத் தூக்கினேன்.
சத்தம் நிற்கவில்லை.

கிட்டார்.
யாரோ அதைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.
மேலே ஒரு பெண்குரல்,
பாடத் தெரியாத குரல் என்று சொல்ல வாயெடுத்து
அப்படியே விட்டுவிட்டேன்.
ஸ்வரத்துக்கு ஒரு படி கீழே நின்றுகொண்டு,
எட்டிப் பறிக்கும் எண்ணமே இல்லாமல்,
வாடகை குடுத்தாச்சு, வெளிச்சம் வரல
வாடகை குடுத்தாச்சு, வெளிச்சம் வரல
என்றது.
மூன்று சட்டைக்கு உள்ளே
என் கை மயிர் நின்றது.

மேட்டைத் தாண்டினால் அலைவரிசை செத்துவிடும்.
நான் போகவேண்டியது மேட்டுக்கு அந்தப் பக்கம்.
பாட்டு பாதியில். பெயர் தெரியாது.
இருபத்தோரு வருஷத்தில் முதல்முறையாக
வண்டியைத் திருப்பினேன்.
வழித்து முடித்த தெருவை
மறுபடி வழித்தேன்,
பொட்டுப் பனி இல்லாத கறுப்புத் தாரில்
பொறி பறக்க.
இரண்டு வீட்டில் விளக்கு எரிந்தது.
ஜன்னலில் ஒருவர் கை இரண்டையும் விரித்து
என்ன இது என்றார்.
எதைச் சொல்வது?

அறிவிப்பாளன் மென்று விழுங்கிவிட்டுச் சொன்னான்:
'ஈரக் கையுறைகள்'. நம்ம ஊர்ப் பசங்க.
நம்ம ஊரா!
கண்ணாடி ஆவியில் விரலால் எழுதிவைத்தேன்.
ஹீட்டர் எழுத்தெழுத்தாகத் தின்றது.
பதிவேட்டில் காரணம்:
மீதப் பனிக்கட்டி.

வெள்ளிக்கிழமை, மூடிப்போன தூண்டில் கடையில்
கச்சேரி.
புழு வாடை இன்னும் போகவில்லை.
நுழைவு ஐந்து டாலர்,
தண்ணீரில்லாத மீன்தொட்டியில் போடவேண்டும்.
எண்ணிப் பார்த்தேன், பத்தொன்பது பேர்.
அதில் நான்கு பேர் வாசிப்பவர்கள்.
டிரம்ஸ்காரனை எனக்குத் தெரியும்,
ஓஸ்கார் லிண்ட்க்விஸ்ட்.
போன மாதம் என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியபோது
எச்சில் குழாய் பிடித்துக்கொண்டு நின்றவன்.
பாடுகிற மாரெனின் கையில் என்ன தெரியுமா?
கார் கண்ணாடியில் பனி சுரண்டும் தகடு.
நகராட்சி இலவசமாய்க் கொடுத்தது,
சின்னம்கூட அழியவில்லை.
அதைத்தான் தந்திமேல் இழுத்தாள்.

இரண்டாவது பாட்டில் வரி மறந்துபோய்
சிரித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள்.
யாரும் குறைசொல்லவில்லை,
இரண்டாம் தடவை இன்னும் வேகம்.
முடிந்ததும் எல்லோரும் கைதட்டினோம்.
கையுறையோடு தட்டினால்
தலையணையை அடிப்பதுபோல்தான் கேட்கும்.
கழற்றினேன்.
உள்ளங்கை எரியும்வரை தட்டினேன்,
ஐம்பத்து மூன்று வயதில்,
தெரியாத பிள்ளைகளுக்காக.

கேசட் ஏழு டாலர்.
'இதெல்லாம் ஓடுமா உங்ககிட்ட?' என்றாள் மாரென்.
'இது மட்டும்தான் ஓடும்' என்றேன்.
அட்டைக்குள் ஒரு துண்டுச் சீட்டு,
பேனாவால் நாற்பத்தாறு என்று எண்.
எனக்கு முன்னால் நாற்பத்தைந்து பேர்.
யார் அவர்கள்?
கடையில் வரிசையில் நிற்கும்போது
முகம் முகமாகப் பார்க்கிறேன்.

மேற்பார்வையாளர் டெல்பர்ட்
புகார்க் கடிதத்தை நீட்டினார்.
பதிலுக்கு டேப்பைப் போட்டேன்.
அரை நிமிஷம் தலை சாய்த்துக் கேட்டு,
'டேப் சிக்கிக்கிச்சு, ஐலி' என்றார்.

இப்போது மேட்டுக்கு அந்தப் பக்கமும் பாட்டு வருகிறது.
ஏரிக்கரைச் சாலையில் ஆளில்லை, கப்பலில்லை,
வைப்பர் மட்டும் தப்புத் தாளத்தில்.
மூன்றாவது பாட்டின் நடுவே ஓரிடத்தில்
கிட்டார் சட்டென்று அறுந்து
நான்கு நொடி ஒன்றுமே இருக்காது.
அங்கே
அலகை இறக்குகிறேன்.