மணிக்கொரு கணக்கு

டிக்கோயா ஆஸ்பத்திரி.
சுடுதண்ணிச் சட்டி கவிழ்ந்து மூன்றாம் நாள்.
டிலுக்சனின் கட்டிலடியில் தொங்கும் பையில்
பதினொரு மில்லி,
கடுஞ்சாயத் தேத்தண்ணி நிறத்தில்.

கட்டுப் பிரிக்குமுன்
டொக்டர் பையைத் தூக்கி
விளக்குக்கு நேரே பிடித்தார்.
"தோல் ஆறிடும். சிறுநீரகந்தான்
களைச்சுப்போச்சு."

தராசில் கணக்கப்பிள்ளை
இரண்டு கிலோ கழித்தபோதெல்லாம்
வாய் திறக்காதவள்
ஒரு மில்லிக்குச் சண்டை பிடிக்கிறேன்:
"பன்னிரண்டு மிஸ், கோட்டைத் தொட்டிருக்கு."

வெளியே விடாத மழை.
ஒழுகுமென்று லயத்தில் வாளி வைத்து வந்தேன்.
இந்நேரம்
நிறைந்து வழிந்துகொண்டிருக்கும்
ஆளில்லாத காம்பராவில்.

விடியக்காலம் நாலு மணி.
"சூ கியாத?" என்கிறாள் மிஸ்,
பேனையைத் திறந்தபடி.

குழாயின் வளைவில்
ஒரு துளி நிற்கிறது.

விழு, சாமி.