ஈரப்பதம்

பகலில் கொள்முதல் நிலையத்தில்
பதினேழுக்கு மேலே ஈரம் என்று
மாசிலாமணியின் நெல்லைத் திருப்பி அனுப்பியவன்
இரவில், போன போகத்தில் அவர் தந்த அரிசியைக்
குழையக் குழைய வேகவைக்கிறேன்.
பெங்களூரிலிருந்து கூரியரில் வந்த
முளைகட்டிய பார்லி
அறுபத்தைந்து டிகிரியில்
கஞ்சியைத் தொட்ட கொஞ்ச நேரத்தில்
கரண்டி லேசாகிறது.
நக்கிப் பார்த்தால் இனிப்பு.

நீடாமங்கலத்துக்குக் குளிர் தெரியாது.
ஐஸ்கிரீம் கடை மூடியபோது வாங்கிய பெட்டிக்குள்
பதினோரு டிகிரியை
மூன்று வாரம் காவல் காத்தோம்
நானும் தவமணியும்.
நடுவில் ஒருநாள் டிரான்ஸ்பார்மர் வெடித்தது.
நிலையத்துச் சாக்குகளை நனைத்துப் போர்த்தினோம்.
பிழிந்துகொண்டே கேட்டாள்:
"முதலில் எதற்குப் பிடிப்பார்கள்,
சாக்குக்கா, சரக்குக்கா?"

முதல் கிளாஸ்.
வைக்கோல் நிறம், கொஞ்சம் நுரை.
இதில் அரிசி எங்கே என்றாள்.
தெரியாது.
பார்லியின் கனத்தைக் குறைத்துவிட்டு
பேர் சொல்லாமல் போய்விடும்,
அதற்குத்தான் அதைப் போடுவது.

மறுநாள் மாசிலாமணி வந்தார்.
அதே நெல், தார்ரோட்டில் காய்ந்தது.
மீட்டர் பதினேழு புள்ளி நாலு.
பதினாறு என்று எழுதினேன்.
நாக்கின் அடியில்
இன்னும் லேசாகக் கசந்தது.