உள்ளே இருக்கிற மெஷின்

கல்முனையில், இரும்புக்கடைக்கு மேல்,
டியூஷன் வகுப்புக்கும் மேல்,
மூன்றாம் மாடியில் எங்கள் லேப்.
நாளைக்கு எட்டரைக்குப் பரீட்சை.
இருபத்திரண்டு பிள்ளைகள்.

இருப்பது ஒரே ஒரு சேர்வர்,
கொழும்பில் ஏதோ ஒரு வங்கி கழித்துக் கட்டியது.
அதற்குள் ஒரு மெஷின், இல்லாத மெஷின்.
அதற்குள் இன்னொன்று, அதைவிட இல்லாதது.
பிள்ளைகள் தொடப்போவது அந்தக் கடைசியை.

அது எழும்புதில்லை.

கறுப்புத் திரை. இடப்பக்க மூலையில்
ஒரு சின்னக் கோடு
மினுக்குது, மினுக்குது,
செத்ததுமில்லை, வந்ததுமில்லை.
பிழை என்று ஒரு சொல் எழுதினாலாவது
அதைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம்.
வாயே திறக்காத நோயாளியிடம்
எங்கே நோகுது என்று கேட்பது?

முதலில் நினைவகத்தைக் கூட்டினேன்.
மறுகா குறைத்தேன்.
பயோஸுக்குள் போய், மெய்நிகர் வசதி
திறந்துதான் கிடக்கா என்று
மூன்று தரம் பார்த்தேன்.
ப்ரொசஸரை மூடி மறைக்காமல்
உள்ளே அப்படியே காட்டச் சொன்னேன்.
மணிக்கூட்டையும் மாற்றிப் பார்த்தேன்,
நேரம் பிசகினாலும் இப்படி உறையுமாம்,
தோஹாவிலிருந்து சிப்லி சொன்னான்.
அவனுக்கு அப்போது இரவு எட்டரை, எனக்குப் பதினொன்று.
“வேற இமேஜ் ஒண்டும் இல்லையா அக்கா?”
இல்லை.

பதினொன்று பத்துக்குக் கரண்ட் கண்ணடித்தது.
யூபிஎஸ் நாலு தரம் கத்தியது.
திடுக்கிட்டதில் முழங்கை பட்டு
பிளேன்டீ முழுக்கக் கீபோர்டில்.

கவிழ்க்கத் தோன்றவில்லை.
லேஞ்சியை எடுத்து
இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு
அழுத்தி அழுத்தித் துடைத்தேன், ஏசிக்கொண்டே.

கோடு நின்றது.
பிறகு எழுத்துகள்,
சாக்குக் கிழிந்து நெல் கொட்டுகிற மாதிரி
வரி வரியாய்.
கடைசியில், வெகு மரியாதையாக,
உன் பெயர் என்ன என்று கேட்டது.

அது உறைந்து கிடக்கவில்லை.
ரகசியத் திறப்பு ஒன்று செய்ய உட்கார்ந்திருக்கிறது.
அதற்கு யாராலும் ஊகிக்க ஏலாத எண் வேண்டும்,
எண்ணுக்குத் தற்செயல் வேண்டும்:
ஒரு விரலின் அவசரம்,
கணத்தில் ஒரு துணுக்கு முந்துவது, பிந்துவது.
இரண்டு சுவருக்கு உள்ளே
ஒன்றும் முந்துவதில்லை, பிந்துவதில்லை.
கை படாத அறையில் இருந்துகொண்டு
ஏதாவது நடக்கட்டும் என்று
பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது.

இந்த ஊரிலா குழப்பத்துக்குப் பஞ்சம்!
கீழே மீன் லொறி ஹோர்ன் அடிக்கிறான்.
கச்சான் காற்றில் யார் வீட்டுத் தகரமோ
தாளம் தப்பித் தப்பி அடிக்கிறது.
நாளைக் கலியாணத்துக்கு இப்போதே ஒருவன்
ஹலோ ஹலோ, ஒண்டு ரெண்டு ஒண்டு.
இதில் ஒரு பிடி அள்ளி
உள்ளே போட ஒரு வழியில்லாமல் கிடந்திருக்கிறது.

இருபத்திரண்டு பேருக்கும் தேத்தண்ணி ஊற்ற ஏலாது.
அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தேன்.
பார்த்தால், நடுமெஷினுக்கு
எப்போதோ கொடுத்துத்தான் இருக்கிறார்கள்.
அது தனக்கு வந்ததை
உள்ளே அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

என் கோப்பும் இப்படித்தான் எங்கேயோ நடுவில்.
எந்த மேசையில் என்று கேட்டால்
“போய்க்கொண்டிருக்கு மிஸ்.”
பெயருக்கு எதிரே ‘தற்காலிகம்’
ஆறு வருஷமாய் மினுக்குது.
அந்த மேசையிலும் ஒரு நாள்
தேத்தண்ணி கவிழ்த்துப் பார்க்கலாம்.

பதினொரு தரம் நிறுத்தி எழுப்பினேன்.
பதினொரு தரமும் எழும்பிற்று.
படியில் இறங்க, சீனித்தம்பியண்ணன்
கதிரையிலேயே நித்திரை.
கேட்டை நானே சத்தமில்லாமல் சாத்தினேன்.

நாலாம் மேசையில் ஒரு பொத்தான் ஒட்டுது, சீனி.
அதில் வந்து இருக்கிற பிள்ளைக்கு
முதலே சொல்லவேண்டும்.